கிர்கால்டியிலிருந்து வந்த கார்: எம்.ஓ.டி. சோதனைக்கு முன் கழற்றிப் பார்த்தவை

2011 மார்ச் மாதத்தில் பதிவான, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் கொண்ட எங்கள் சிறிய கார், பிரித்தானியாவில் கார்கள் ஆண்டுதோறும் தேற வேண்டிய எம்.ஓ.டி. தகுதிச் சோதனையில் இந்த ஆண்டு முதல் தடவையிலேயே தேறியது. சான்றிதழில் இரண்டு அறிவுரைக் குறிப்புகள் (தோல்வி ஆகாத, ஆனால் கவனிக்க வேண்டிய குறைகள்) மட்டுமே இருந்தன. உதிரிப் பாகங்களுக்கும் புதிதாக வாங்கிய கருவிகளுக்கும் சேர்த்து 223 பவுண்டு செலவானது. சோதனைக் கட்டணம் 40 பவுண்டு தனி. கார்களுக்கான உச்சக் கட்டணம் 54.85 பவுண்டு என்றாலும், பழுதுபார்க்கும் வேலை தங்களிடம் வரும் என்ற எதிர்பார்ப்பில் பல கராஜ்கள் அதைவிடக் குறைத்தே வாங்குகின்றன. என்னென்ன கெட்டிருக்கின்றன என்பது தெரிந்தபின் ஓரிடத்தில் விசாரித்தபோது, முன் ஸ்பிரிங்குகளுக்கும் பின் பிரேக் குழாய்களுக்கும் மட்டுமே ஏறத்தாழ 500 பவுண்டு ஆகும் என்றார்கள். நானே செய்வதென்று முடிவெடுக்க அது போதுமானதாக இருந்தது.

காரை லண்டனின் வெளிப்புறத்தில் ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தோம். எம்.ஓ.டி. வரலாற்றை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு சோதனையும் எங்கே நடந்தது என்று அறிய வேண்டுமானால் வி5சி பதிவுப் புத்தகத்தில் உள்ள 11 இலக்க எண்ணையும் கொடுக்க வேண்டும். புத்தகம் கைக்கு வந்ததும் பார்த்தேன். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், கிர்கால்டி அஞ்சல் பகுதியில் கழிந்திருந்தது. 'பிரேக் குழாயில் துரு', 'ஸ்பிரிங்கில் துரு' என்னும் அறிவுரைக் குறிப்புகள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வந்து, விற்பனைக்கு முந்திய சோதனையில் மட்டும் காணாமற்போயிருந்தன. துரு தானாக மறைவதில்லை. யாரோ மாற்றியிருக்க வேண்டும், அல்லது கறுப்புப் பூச்சு அடித்து மூடியிருக்க வேண்டும். இரண்டாவதுதான் நடந்திருந்தது.

எம்.ஓ.டி. சோதனையை மேற்பார்க்கும் அரசு முகமையான டி.வி.எஸ்.ஏ. வெளியிடும் வட்டாரவாரியான முடிவுகளைப் பார்க்கும் எவருக்கும் ஸ்காட்லாந்தின் கிர்கால்டி, டண்டீ, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள ட்ரூரோ ஆகிய பெயர்கள் புதியவை அல்ல. பல ஆண்டுகளாகவே தோல்வி விழுக்காடு கூடிய பகுதிகளின் வரிசையில் அவை இடம்பெற்று வந்திருக்கின்றன. லண்டனைச் சூழ்ந்த பல பகுதிகளில் தோல்வி குறைவு. இதைக் கண்டு அந்த ஊர்க் கராஜ்கள் கண்டிப்பானவை, இந்த ஊர்க் கராஜ்கள் தாராளமானவை என்று முடிவு கட்டிவிடக்கூடாது. பிரித்தானியாவில் மூன்று ஆண்டுகள் நிறைந்த கார்கள்தாம் முதற்சோதனைக்கு வருகின்றன. புதிய கார்கள் மிகுந்த பகுதியில் தேர்ச்சி இயல்பாகவே கூடும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டப்படும் உப்பும் கடற்காற்றும் சேர்ந்த இடத்தில் அடிப்பகுதி விரைவில் அரிக்கும். இவற்றைவிட அதிகம் ஏமாற்றக்கூடியது பதிவு செய்யும் முறை: சோதனையில் கண்ட குறையை ஒரு மணி நேரத்துக்குள் அங்கேயே சரிசெய்துவிட்டால், கார் 'நிலையத்தில் திருத்தியபின் தேர்ச்சி' என்ற கணக்கில் சேர்கிறது. முதனிலைத் தோல்வி விழுக்காட்டில் அது தோல்வி. இறுதித் தோல்வி விழுக்காட்டில் அது தோல்வி அல்ல. நாடு முழுவதற்குமான முதனிலைத் தோல்வி அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு. எந்த விழுக்காட்டை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லாமல் இரு ஊர்களை ஒப்பிடும் செய்தியை நான் பொருட்படுத்துவதில்லை. வட அயர்லாந்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது. அங்கே சோதனையை அரசு நிலையங்களே நடத்துகின்றன, அவை பழுது பார்ப்பதில்லை, முதற்சோதனையும் நான்காம் ஆண்டில்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அட்டவணை குறிப்பது சோதனை நடந்த இடத்தின் அஞ்சல் பகுதியை. காரோ இடம் மாறும். நான் இப்போது எங்கே குடியிருக்கிறேன் என்பதைவிட, இந்தக் கார் எங்கே துருப்பிடித்தது என்பதுதான் என் வேலையைத் தீர்மானித்தது.

தோல்விக் காரணங்களின் பட்டியல் வட்டாரப் பட்டியலைவிடப் பயன்மிக்கது. விளக்குகளும் மின்கருவிகளும் முதலிடம். அடுத்துச் சஸ்பென்ஷன் (சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் அமைப்பு), பிரேக், டயர், அதன்பின் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் குறைகள். இந்த வரிசையிலேயே வேலையைத் தொடங்கினேன்.

விளக்குகளில் இரண்டு வேலைகள் கிடைத்தன. பின் எண்பலகை விளக்கு இரண்டுமே எரியவில்லை. இரண்டில் ஒன்று மட்டும் அணைந்திருந்தால் அது சிறிய குறை, கார் தேறிவிடும்; இரண்டும் அணைந்தால் தோல்வி. மூன்று பவுண்டுக்குப் புதுப் பல்புகள் வாங்கி மாட்டியும் எரியவில்லை. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது, பல்பைப் பிடித்திருக்கும் இரு பித்தளை நாக்குகளும் பச்சை பூத்து, பல்பின் முனை தொடும் இடத்தில் கடுகளவு வெண்பொடி படிந்திருந்தது. கண்ணாடியிழைப் பென்சிலால் பித்தளை மின்னும்வரை தேய்த்து, நாக்குகளைச் சற்று உட்புறமாக வளைத்து, மின்தொடர்புக்கான கிரீஸைத் தொட்டு வைத்ததும் இரண்டும் எரிந்தன. பழைய பல்புகளைப் போட்டுப் பார்த்தேன், அவையும் எரிந்தன.

ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாக மங்கியிருந்தது. ஒளி சிதறினால் ஒளிக்கற்றையின் விளிம்பைச் சோதனைக் கருவியில் காண முடியாது. 14 பவுண்டு மதிப்புள்ள மெருகுப் பொதியில் 800, 1500, 2000, 3000 எண் உப்புத்தாள்களும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சும் இருந்தன. தாள் எப்போதும் நீரில் நனைந்திருக்க வேண்டும். ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய கீறல்கள் போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும். 800 முடிந்த நிலையில் மூடி முன்னிலும் மோசமாக வெளுத்துக் கிடக்கும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடக்கூடாது. பிறகு சமதளத்தில் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, உள்ளிருக்கும் உயரச் சீராக்கியைச் சுழியத்தில் வைத்து, விளக்கின் மையத்தின் உயரத்தைச் சுவரில் நாடாவால் குறித்தேன். எங்கள் விளக்கின் மேல் 1.2 விழுக்காடு என்று பொறித்திருந்தது. அதாவது 5 மீட்டரில் ஒளியின் மேல்விளிம்பு நாடாவுக்கு 6 செ.மீ. கீழே விழ வேண்டும். இடப்பக்க விளக்கு நாடாவையே தொட்டுக்கொண்டிருந்தது. திருகைச் சிறிது திருப்பிச் சரிசெய்தேன். மங்கலுக்கு மாற்றாக எல்.இ.டி. பல்பு போடலாமே என்று சிலர் சொல்வார்கள். ஆலசன் பல்புக்கென வடிவமைத்த ஹெட்லைட்டில் எல்.இ.டி. இருந்தால், 1986 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்கு அது தோல்வி.

சஸ்பென்ஷனில்தான் நேரம் போயிற்று. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன் இடப்புறத்தில் 'டொக்' என்று ஓசை வந்தது. இந்த ஓசைக்கு வழக்கமான குற்றவாளி, வளைவில் கார் சாயாமல் தடுக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரின் இணைப்புத் தண்டு. 17 மி.மீ. ஸ்பேனரால் நட்டையும், அதன் நடுவில் ஆலன் சாவியால் தண்டையும் பிடித்துக் கழற்றினேன். பழையதன் பந்து மூட்டு இரு விரலால் அசைத்தாலே ஆடியது. 19 பவுண்டுக்கு இரு பக்கமும் புதியவை மாட்டினேன். ஓசை குறைந்தது, நிற்கவில்லை. தேய்ந்த பாகத்தைத்தான் மாற்றினேன் என்றாலும், ஓசையின் வேர் அதுவன்று. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச்சும் சிறு கண்ணாடியும் நுழைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் ஏறத்தாழக் கால்வட்டம் முறிந்து, அது உட்காரும் தட்டிலேயே கிடந்தது. தட்டில் தங்கும் ஈரமும் உப்பும் அந்த இடத்தைத்தான் முதலில் தின்னும். முறிந்த முகத்தில் பெரும்பகுதி கறுத்த துரு. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மட்டும் பளபளப்பான உலோகம். அதாவது வெடிப்பு நெடுங்காலமாக இருந்து, கடைசித் துண்டு மட்டும் அண்மையில்தான் விட்டிருக்கிறது. காரைத் தூக்காமல் சக்கரம் நேராக இருக்கும்போது பார்த்தால் எதுவும் தெரியாது.

ஸ்பிரிங்கை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றைமட்டும் மாற்றினால் கார் ஒரு புறம் உயர்ந்து நிற்கும். ஜோடி 46 பவுண்டு, மேல் தாங்கிகள் ஜோடி 28 பவுண்டு, ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி 22 பவுண்டு. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக் ஹோஸின் பிடியையும் ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கம்பியையும் விடுவித்து, சக்கர மையமான ஹப்பைப் பிணைக்கும் ஒற்றைப் போல்ட்டைக் கழற்றி, பானட்டுக்கு உள்ளிருந்து மேல்நட்டுகளை எடுத்தால், ஸ்பிரிங்கும் அதிர்வுத் தணிப்பானும் சேர்ந்த ஸ்ட்ரட் முழுதாக வெளியே வரும். இதுவரை ஆபத்தில்லை. ஸ்ட்ரட்டின் உச்சியில் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நடுநட்டை மட்டும், ஸ்பிரிங் அழுத்தப்பட்டு இரு தட்டுகளுக்கும் இடையில் தளர்ந்து ஆடத் தொடங்கும்வரை, தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் எலும்பை முறிக்கும் வேகத்தில் பாயும். கருவியின் இரு கொக்கித் தண்டுகளையும் நேரெதிரே மாட்டி, ஒரு பக்கம் அரைச்சுற்று, மறுபக்கம் அரைச்சுற்று என்று கையாலேயே முறுக்கினேன். காற்றுத் துப்பாக்கியால் முறுக்கினால் திருகுமரை பிசகும். மலிவான கருவிகளில் கொக்கி வழுக்காமலிருக்கப் பூட்டு ஊசி இருப்பதில்லை. அது உள்ளதைத்தான் வாங்க வேண்டும். அதற்குச் சில பவுண்டு கூடுதலாகும். கை நடுங்குகிறவர்கள் ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கராஜுக்கு எடுத்துச்சென்று ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்குவது நல்லது. புதிய ஸ்பிரிங்கின் வால்முனை தட்டிலுள்ள தடுப்பைத் தொட்டு நிற்கிறதா என்று பார்த்தபின்பே அழுத்தத்தைத் தளர்த்தினேன். காரைத் தரையில் இறக்கியபின் ஓசை அறவே இல்லை.

அதே நேரத்தில் கீழ் பந்து மூட்டுகளின் ரப்பர் உறைகளையும் பார்த்தேன். உறை சேதமடைந்திருந்தால் சிறிய குறை. அழுக்கு உள்ளே புகும் அளவுக்குக் கிழிந்திருந்தால் மூட்டு ஆடாவிட்டாலும் தோல்வி. நல்லவேளையாக இரண்டும் முழுமையாக இருந்தன.

அடுத்தது பிரேக். முன் பட்டைகளின் தடிமன் 6 மி.மீ.; 1.5 மி.மீ.க்குக் குறைந்தால்தான் தோல்வி. கவலையெல்லாம் பின்னச்சில் டிரம்முக்குப் போகும் இரு குழாய்களைப் பற்றியே. கறுப்புப் பூச்சை மரச்சீவலால் சுரண்டியதும் அடியில் துருச் செதில்கள் எழுந்தன. சோதனைக் கையேட்டின்படி, குழாயின் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சாதாரணக் குழாயில் சுமார் 0.25 மி.மீ., குறைந்திருந்தால் நிராகரிக்க வேண்டும். குழாயின் மூலவிட்டம் 4.75 மி.மீ. செதிலை முழுதும் எடுத்தபின் மிக மெலிந்த இடத்தில் வெர்னியர் அளவுகோல் 4.3 மி.மீ. காட்டியது. சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்தது என்று வைத்துக்கொண்டால் சுவரில் 0.22 மி.மீ. போயிருக்கிறது, எல்லைக்கு உள்ளேதான். ஆனால் துரு ஒருபோதும் சீராகத் தின்பதில்லை. நூலிழையில் தேறுவதற்காக அந்தக் குழாயை நம்பி மோட்டார்வேயில் ஓட்ட எனக்கு மனமில்லை.

நட்டுகள் இறுகிப்போயிருந்தன. ஊடுருவும் எண்ணெயை முந்தைய இரவே அடித்துவைத்தும், 11 மி.மீ. திறந்தவாய் ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கத்தான் செய்தது. குழாய் எப்படியும் குப்பைக்குப் போவது என்பதால், அதை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, ஆறுமுகச் சாக்கெட்டை நேராக ஏற்றித் திருப்பியதும் நட்டு இளகியது. இந்த ஓர் உத்தியே அந்தப் பிற்பகலைக் காப்பாற்றியது. வெட்டியவுடன் ஹோஸின் முனையை ரப்பர் மூடியால் அடைக்காவிட்டால் பிரேக் திரவத் தொட்டி வற்றி, காற்று ஏ.பி.எஸ். பெட்டிவரை ஏறிவிடும்.

புதிய குழாய்க்குச் செம்பு-நிக்கல் கலவைச் சுருள் 20 பவுண்டு, எம்10 நட்டுகள் 5 பவுண்டு, குழாய்முனையை விரிக்கும் கருவி 38 பவுண்டு. இந்தக் குழாய் துருப்பிடிக்காது. சாக்கெட்டைச் சுற்றிக் கையாலேயே வளைக்கலாம். முனையில்தான் வழி தவறியது. கருவியோடு வந்த படத்தைப் பார்த்து இரட்டை மடிப்பு விரிமுனை செய்து பொருத்தினேன். பெடலை அழுத்தியதும் இணைப்பில் திரவம் வியர்த்தது. மேலும் இறுக்கியும் நிற்கவில்லை. பழைய துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: அதன் முனை காளான் குடைபோல் வெளிப்புறம் உருண்ட ஒற்றை விரிமுனை. பெரும்பாலான ஐரோப்பியக் கார்கள் இந்த வகையைத்தான் பயன்படுத்துகின்றன. இரட்டை மடிப்பு முனை, அது பதிந்து உட்காரும் வேறொரு வகைக் குழிக்கு உரியது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. நல்லவேளை, கருவியில் இரு வகைக்கும் அச்சு இருந்தது. வெட்டி, உள்விளிம்பைச் சீவி, மறுபடி செய்தேன். விரிக்குமுன் நட்டைக் குழாயில் கோர்த்துவிட வேண்டும் என்பதை இந்த வேலையைப் பற்றி எழுதும் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். எல்லோரும் ஏன் எச்சரிக்கிறார்கள் என்பது குழாயும் நட்டும் தனித்தனியே கையில் இருக்கும்போது விளங்கும்.

டாட் 4 பிரேக் திரவம் ஒரு லிட்டர் 9 பவுண்டு. பின்சக்கரங்களில் தொடங்கி நான்கிலும் காற்றை வெளியேற்றினேன். பெடலை மிதிக்க இன்னொருவர் வேண்டும். எஞ்சினை இயக்கிப் பெடலை முழுப் பலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, இணைப்புகளை வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. இருக்கைப் பட்டை பொருத்திய இடத்துக்கோ ஸ்பிரிங் தாங்கும் இடத்துக்கோ 30 செ.மீ.க்குள் துருவால் ஓட்டை இருந்தால் அது தோல்வி என்பதால், கீழே படுத்திருந்த நேரத்திலேயே ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் பக்கவாட்டுச் சட்டங்களைத் தட்டிக்கொண்டே போனேன். எங்கும் ஓசை மந்தமாகவில்லை.

மீதி விரைவில் முடிந்தது. டயர் ஆழமானி 4 பவுண்டு. அகலத்தின் நடு முக்கால் பாகத்தில் சுற்றளவு முழுவதும் 1.6 மி.மீ. இருக்க வேண்டும், முன்னவை 4.5, பின்னவை 3 காட்டின. டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு 2012 ஜனவரி 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்கே சோதனையில் சேரும் என்பதால் எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வைப்பர் பட்டைகள் 15 பவுண்டு. கண்ணாடியில் ஓட்டுநருக்கு நேரே 290 மி.மீ. அகலப் பட்டையில் 10 மி.மீ.க்கு மேற்பட்ட சேதம் கூடாது. எங்கள் கல்லடித் தழும்பு அதற்கு வெளியே, வைப்பர் துடைக்கும் மற்றப் பரப்பில் இருந்தது, அங்கே எல்லை 40 மி.மீ. கழுவும் நீர்த்தொட்டியை நிரப்பினேன். காலியான தொட்டியால் தோற்கும் கார்களும் இருக்கின்றன என்பது நம்பக் கடினம், ஆனால் உண்மை.

சோதனைக்குப் போகுமுன் காரை இருபது நிமிடம் நன்றாக ஓட்டினேன். புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி குளிர்ந்திருக்கும்போதே புகைச் சோதனைக்குப் போவது வீண் அபாயம். சோதனையைப் பார்வையிடத்தில் நின்று காண வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. உருளைகளின் மேல் பிரேக்கை அளந்தபோது திரையைக் காட்டும்படி கேட்டேன். காரின் எடையோடு ஒப்பிட்ட பிரேக் விசையே அதில் விழுக்காடாகத் தெரியும்: கால்பிரேக் 64 விழுக்காடு, எங்கள் கார் 2010 செப்டம்பருக்குப் பிந்தியது என்பதால் தேவை 58. கைப்பிரேக் 18 விழுக்காடு, தேவை 16. கால்பிரேக் நிம்மதி தந்தது, கைப்பிரேக் தரவில்லை. அறிவுரைக் குறிப்புகளில் ஒன்று பின் டயர்களின் உள்விளிம்புத் தேய்மானம், மற்றது பின் அச்சில் மேற்பரப்புத் துரு.

அடுத்த முறை சிலவற்றை மாற்றிச் செய்வேன். ஓசையைத் தேடுமுன் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைக் கண்ணாடியில் பார்ப்பேன். புதிய குழாயை விரிக்குமுன் பழைய முனையை அளவுக்கு எடுத்து மேசைமேல் வைப்பேன். சோதனையை, காலாவதிக்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவான கெடுவின் முதல் நாளிலேயே பதிவு செய்வேன். அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டின் காலாவதித் தேதி மாறாது, தோற்றாலும் பழுது பார்க்க நாள் இருக்கும், 'ஆபத்தானது' என்ற வகைக் குறை இல்லாதவரை பழைய சான்றிதழும் அதன் கடைசி நாள்வரை செல்லும். சாலையில் உப்பு போடுவது நின்றதும் ஏப்ரலில் அடிப்பகுதியை நீரால் கழுவி, உலர்ந்தபின் ஸ்பிரிங் தட்டுகளிலும் பின்னச்சிலும் மெழுகெண்ணெய் அடிக்க வேண்டும். துருவின்மேல் கறுப்புப் பூச்சு அடிப்பதைவிட அது மலிவு. அதற்குமுன் பின் டிரம்களைத் திறந்து, கைப்பிரேக் கேபிளின் நெம்புகோல்கள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். 18 என்பது இன்னோர் ஆண்டைத் தாங்கும் எண்ணாகத் தெரியவில்லை.